எழுபத்தோராவது நிமிடத்தில் நான் சொன்னது

தம்போய், ஜொகூர் பாரு, மலேசியா
ஞாயிற்றுக்கிழமை காலை

என் அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அயர்லாந்தில், லிமெரிக்கில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நோய்நொடி அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா வேண்டிக்கொள்கிறாள், நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு வாரமாகப் பின்னேரமானால் மழைதான், வீட்டு முன்னால் உள்ள கால்வாய் நிரம்பி வாசல் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, நகராண்மைக் கழக ஆட்கள் வந்து குப்பையை வாரிக்கொண்டு போனபிறகுதான் வடிந்தது. அம்மாவின் முழங்கால் வலி மழை நாளில் கொஞ்சம் கூடுகிறது, நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, உன்னிடம் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், ஆனாலும் எழுதுகிறேன். தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இருபத்தொரு வருடமாக வேலை விட்டால் ஓட்டப்பயிற்சி, சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு கால்பந்துத் திடலில் கொடியோடு நிற்பது என்று பழகிய கால்கள். இப்போது அது இல்லை. லைன்ஸ்மேன் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் போனால் எனக்கே பொய் மாதிரி தெரிகிறது, அழித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

நீ என்னோடு பேசி ஒன்பது வாரம் ஆகிறது. அம்மாவுக்கு மட்டும் நல்லா இருக்கேன், டியூட்டிக்குப் போறேன் என்று செய்தி அனுப்புகிறாய், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை மா. கடைசியாகப் பேசியபோது நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அப்பா, அந்த மேட்ச் வீடியோவுல உங்க வாய் அசையுது, அந்த பிளேயர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாய். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆட்டத்தைக் கவனி என்றுதான் சொன்னேன் என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நீ நம்பவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். போன வருடம் உன் வார்டில் நடந்ததை நீ அழுதுகொண்டே சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு வயசான நோயாளி உன் கையைத் தட்டிவிட்டு, இந்தக் கை என்னைத் தொடக்கூடாது, வெள்ளைக்கார நர்ஸைக் கூப்பிடு என்று கத்தினானே, பக்கத்தில் நின்ற உன்னோடு வேலை செய்கிறவள் ஒன்றும் கேட்காத மாதிரி மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாளே. அன்று நான் இங்கிருந்து போனில் என்ன கத்துக் கத்தினேன். "அந்தக் கெழவன விடு மா, பக்கத்துல நின்னவளுக்கு வாய் இல்லியா? அவளுக்குக் காது அவிஞ்சா போச்சு?" என்றேன். அவள்மேல் புகார் எழுதிக் கொடு என்று உன்னை விரட்டினேன். நீ எழுதவில்லை, நாளைக்கும் அவளோடுதான் வேலை செய்யணும்ப்பா என்றாய். அந்தப் பேச்செல்லாம் பேசிய அப்பாவைத்தான் நீ அந்த வீடியோவில் பார்த்தாய். அதனால் நீ பேசாமல் இருப்பதில் எனக்கு ஒரு வார்த்தை கேட்க உரிமையில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நம் ஊர்க் குழுவின் ஆட்டத்துக்கு வழக்கமாக என்னைப் போட மாட்டார்கள், ஒருதலையாக இருந்துவிடக்கூடாது என்று வெளி மாநிலத்து ஆளைத்தான் போடுவார்கள். அன்றைக்கு வரவேண்டிய லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல், காலையில் போன் போட்டு மகேஸ்வரன், நீங்க வாங்க என்றார்கள். பெரிய லீக் இல்லை, அதற்கு அடுத்த படி, ஆனாலும் சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டக்காரர்கள், டிவியில் வராவிட்டாலும் இணையத்தில் காட்டுவார்கள். மாலை நாலேமுக்காலுக்கு ஆட்டம். என்னைக் கூரையில்லாத பக்கத்தில் நிறுத்தினார்கள், என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கம்பிவேலி, அதற்குப் பின்னால் நம் ஊர் ஆட்கள், கொட்டு மேளம், கொடி எல்லாம். எதிர்க்குழு வடக்கேயிருந்து வந்தது. அதில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் ஒருவன், கானா நாட்டுக்காரன், பெயர் ஐசக். உன்னைவிட ஒரு வயது சின்னவன், அதனால்தான் அவன் என்று எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக எண்ணாதே. இரண்டாம் பாதியில் அவன் ஆடுகிற இடமும் நான் ஓடுகிற கோடும் பக்கத்துப் பக்கத்தில். ஆஃப்சைடு பார்க்க அவன் எங்கே நிற்கிறானோ அங்கே நான் நிற்கவேண்டும், அவன் ஓடினால் நானும் ஓடவேண்டும். அப்படி அரை மணி நேரம் ஒரு ஆளோடு ஓடினால் பேசாமலே ஒரு பழக்கம் வந்துவிடும். நல்ல ஆட்டக்காரன் மா. நம் ஆட்கள் அந்தப் பக்கமாக ஒரு பந்தைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. ஒருதடவை பந்து வெளியே போனபோது அவனே எடுத்து வந்து, உங்கள் கொடி சரி சார், என் காலில் பட்டுத்தான் போனது என்று நம் ஆட்களிடமே கொடுத்தான். இருபத்தொரு வருடத்தில் அப்படிச் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் இழுத்துக்கொண்டு போக, பின்னால் இருந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் வெறும் ஊளைதான். அப்புறம் ஒரு குரல் மட்டும் தனியாக எழும்பியது, தமிழில். கரியையும் குரங்கையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி, அதை மேளத்தின் தட்டுக்கு ஏற்றமாதிரி இழுத்துப் பாடியது. நீ அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாய், நான் இங்கே எழுதவில்லை. நாலு பேர் சிரித்தார்கள், அப்புறம் நாற்பது பேர் பாடினார்கள். பக்கத்தில் இருந்த மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் பொருள் தெரியாமலே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு பாடினார்கள். திடலில் இருந்த நாலு நடுவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த முதல் குரல் யாருடையது என்று எனக்குத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. உனக்கும் தெரிந்திருக்கும். நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, என்னை மட்டும்தான் கேட்டாய். உன் மாமா கமலநாதன். யோங் பெங்கிலிருந்து நாலு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான், ஆட்டத்துக்கு முன்னால் எனக்குக் கையைக்கூட ஆட்டினான்.

இப்படி நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். மூன்று படி. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, அடுத்து ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துப் போவது, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது. பரீட்சையில் அதற்கு எனக்கு முழு மதிப்பெண். கொடியின் பிடியில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் நடுவரின் கையில் அதிரும், காதில் மாட்டிய கருவியில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தினால் நடுவர் யார் என்று கேட்பார், போலீஸ்காரர்கள் வேலிக்குப் பின்னால் போவார்கள், நான் என் மனைவியின் தம்பியைக் கைகாட்டவேண்டும் என்ற நினைப்புத்தான் வந்தது. எழுபத்தோராவது நிமிடம், பந்து வெளியே போய் த்ரோவுக்காக நின்றபோது ஐசக் என் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், என்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு ஊருக்குப் புதிதாக வந்தவன் வழி கேட்கிற மாதிரிக் கேட்டான்.

நான் சொன்னது இதுதான் மா. "நல்ல சொல்தான். பலமான ஆட்டக்காரனுக்கு எங்கள் ஆட்கள் வைக்கிற பட்டப்பெயர்" என்றேன். அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வேலிப்பக்கம் திரும்பி, கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினான். அவ்வளவுதான், பின்னால் ஸ்டேடியமே வெடித்த மாதிரி ஆகிவிட்டது. சிரித்துச் சிரித்து விழுந்தார்கள், அந்தச் சொல்லை இன்னும் சத்தமாகப் பாடினார்கள், அவன் இன்னொரு தடவை கையை ஆட்டினான். அந்தப் பத்து விநாடியைத்தான் யாரோ போனில் பிடித்து, சிரிப்புப் படம் எல்லாம் ஒட்டி, ஊர் முழுக்க அனுப்பினார்கள். அதில்தான் என் வாய் அசைகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கமலநாதன் வீட்டுக்கு வந்தான், வழக்கம்போல் அம்மாவுக்கு ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு. வீடியோவைக் காட்டிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும், "சும்மா ஜோக் லா மச்சான். நம்மள யாரும் இப்படிக் கூப்புடாததா? ஸ்கூல்ல கூப்புட்டானுங்க, இப்ப சிங்கப்பூர்ல சாமான் எறக்குற எடத்துல கூப்புடுறானுங்க. நாம என்ன செத்தா போயிட்டோம்?" என்றான். அவன் சொல்வதில் பொய் இல்லை. நானும் இருபத்தாறு வயதில் முதல்முதலாகக் கொடி பிடித்தபோது என்னைப் பார்த்து என்னவெல்லாம் கத்தினார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். இதே வீட்டில் இதே நாற்காலியில் அவனும் நானும் உட்கார்ந்து டிவியில் ஐரோப்பா ஆட்டம் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு கறுப்பு ஆட்டக்காரனைக் குரங்குச் சத்தம் போட்டு அழவைத்தபோது, "ஐயோ பாவம் மச்சான் அந்தப் பையன்" என்று கமலநாதன் கண்ணைத் துடைத்தான், நான் அந்த நடுவரைப் பார்த்து, நிறுத்துடா ஆட்டத்தை என்று டிவியைத் திட்டினேன். அதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் முகம் மாறிவிட்டது, "அது வேற மச்சான்" என்றான். என்ன வேறு என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டு வாரத்தில் எதிர்க்குழு புகார் கொடுத்தது. அவர்கள் குழுவில் உடம்பு பிடித்துவிடுகிற, அன்றைய ஆட்டத்துக்கு வராத ஹேமநாதன் என்ற தமிழர் வீடியோவைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார். கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்குக் குழு என்னைக் கூப்பிட்டது. அதற்கு முதல் நாள் கமலநாதன் மறுபடியும் வந்தான், இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெயர் வெளியே வந்தால் சிங்கப்பூர் கம்பெனியில் டிரெய்லர் ஓட்டுகிற வேலை போய்விடும் என்றான். அம்மா அடுக்களையிலிருந்து வந்து அவனுக்குச் சோறு போட்டாள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நான் ஆட்டத்துக்காகக் கிளந்தானில் இருந்தேன், ஆஸ்பத்திரி நாற்காலியில் ஒன்பது நாள் தூங்கியவன் அவன்தான், நீ அயர்லாந்துக்குக் கிளம்பியபோது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் என்னைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான். மறுநாள் அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, நீங்கள் தமிழர், உங்களுக்குப் புரிந்திருக்குமே என்று கேட்டார்கள். கூட்டத்தின் இரைச்சலில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு உனக்குச் சொன்ன அதே பதில்.

தீர்ப்பு ஒரு பக்கக் கடிதமாக மலாயில் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது மா, அதைப் படித்தபோதுதான் நான் செய்தது முழுசாக என் தலைக்குள் இறங்கியது. சம்பந்தப்பட்ட ஆட்டக்காரரே சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருப்பதால் அவர் அவமதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் சொன்ன பொய்யை நம்பி அவன் சிரித்த சிரிப்பை அவனுக்கு எதிராகவே சாட்சியாக வைத்துவிட்டார்கள். நீ அந்த வாரம்தான் கூப்பிட்டாய்.

அதற்குப் பிறகு அவன் போன ஊரிலெல்லாம் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. தமிழே தெரியாத கூட்டமெல்லாம் பாடியது. மூன்றாவது ஆட்டத்தில், பந்து நடுவில் உருண்டுகொண்டிருக்கும்போதே அவன் சட்டையைக் கழற்றி மடித்துக் கோட்டோரத்தில் வைத்துவிட்டு நேராக உள்ளே போய்விட்டான். அனுமதியில்லாமல் வெளியேறினான் என்று அவன் குழு அபராதம் போட்டது, அடுத்த மாதம் ஒப்பந்தத்தையும் முறித்துவிட்டது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசாவும் இல்லை, இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டுப் போகவேண்டும். இதைப் பேப்பரில் ஓரமாக நாலு வரி போட்டிருந்தார்கள். நான் ஹேமநாதனின் போன் எண்ணைத் தேடிப் பிடித்து, ஐசக்கைப் பார்க்கமுடியுமா என்று கேட்டேன். அவர், "நீங்கதானே அந்த லைன்ஸ்மேன்?" என்றார். ஆமாம் என்றேன். "வாங்க, ஆனா அவன் என்ன சொன்னாலும் நீங்க கேட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்" என்றார்.

லார்க்கினில் அதிகாலை பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அம்மாவிடம் தொழிற்சாலை வேலையாகப் போவதாகச் சொன்னேன், அதுவும் ஒரு பொய். டயர் கடைக்கு மேலே ஒரு அறை, நாலு ஆட்டக்காரர்கள் தங்குகிற இடம், மற்றவர்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். பெட்டி திறந்து கிடந்தது, சட்டைகளைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். நான் நின்றபடியே சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், முதலில் கத்தியவன் என் மைத்துனன், உன்னிடம் பொய் சொன்னேன், விசாரணையிலும் பொய் எழுதினேன், மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவன் ஒரு சட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், நான் அப்படியே எழுதுகிறேன். "அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம் சார். இதற்கு முன்னால் இரண்டு நாட்டில் ஆடியிருக்கிறேன், மொழிதான் மாறும், சத்தம் மாறாது. நீங்கள் சொன்னபோதே எனக்குப் பாதி சந்தேகம். ஆனால் கொடி வைத்திருக்கிறவர் சொல்கிறாரே, ஒரு ஊராவது இருக்கட்டுமே என்று நம்பிக்கொண்டேன்" என்றான். பிறகு, "அன்றைக்கு ஆட்டம் முடிந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். இங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். என்ன பெயர் என்று கேட்டார்கள், சொல்லிக் கொடுத்தேன். ஹேமநாதன் சொல்லும்வரை இரண்டு வாரம் என் அம்மா என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள்" என்றான்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஷர்மினி, ஒரு தாய் எங்கேயோ ஒரு ஊரில் அடுப்படியில் நின்றுகொண்டு, பிள்ளையின் குரல் கேட்ட சந்தோஷத்தில், அந்தச் சொல்லைச் செல்லமாக இழுத்துக் கூப்பிடுவதை நினைத்துப் பார். என் வாயிலிருந்து போனது அது. அவன் அழவில்லை, நான்தான் அழுதேன், அவன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்த்துப் போனேன் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் சார். அடுத்த குழு எது என்று தெரியாது, அங்கே கேட்பார்கள், பாதி ஆட்டத்தில் ஏன் ஓடிப்போனாய் என்று. என் அம்மாவுக்கும் இன்னும் நான் முழுசாகச் சொல்லவில்லை, அந்தப் பெயர் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுபத்தோராவது நிமிடத்தில் அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் என்ன, எல்லாம். அதில் ஒரு பிரதியை வீட்டுக்கு வந்ததும் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பினேன். அதோடு வைத்த வாக்குமூலப் படிவத்தில், முதலில் கத்தியவரை அடையாளம் தெரியுமா என்ற இடத்தில் தெரியும் என்று எழுதி, கமலநாதனின் முழுப்பெயரையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன், அந்த ஒன்றையாவது ஒளிக்காமல் செய்தேன். அம்மா கத்தவில்லை. "மக பேசலன்னு எழுதுனீங்களா, இல்ல அந்தப் புள்ளைக்காக எழுதுனீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை மா. உனக்கு நல்லவனாகத் தெரியவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கும், அதை மறைத்தால் இந்தக் கடிதமும் வீண்.

இதனால் ஐசக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, திரும்பத் திறப்பதற்கில்லை என்று பதில் வந்தது. ஆனால் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என்னை மூன்று வருடத்துக்கு நீக்கிவிட்டார்கள், என் வயதில் அது முழுசாக முடிந்த மாதிரிதான். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நம்பாதே, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அநியாயம் என்று சொல்லமாட்டேன். கமலநாதன் இனிமேல் எந்த ஸ்டேடியத்துக்குள்ளும் போகமுடியாது, போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது, விஷயம் சிங்கப்பூருக்கும் எட்டி வேலை போய்விட்டது. இப்போது யோங் பெங்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு லோரி ஓட்டுகிறான். அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவுக்குத்தான் போன் செய்து, "அக்கா, இனிமே தீபாவளிக்கு நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்காத" என்று சொல்லிவிட்டான். அம்மா எனக்கு மேசையில் சோறு வைத்துவிட்டு அடுக்களையில் நின்று சாப்பிடுகிறாள். முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஐசக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். "உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு எங்கள் மொழியில் படித்துச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மூன்று நாள் ஆகிறது, என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை" என்று எழுதியிருந்தான். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு என்று மறுபடியும் எழுதினால் அது எனக்காக எழுதுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் பரவாயில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் மா பதில். என்னோடு இப்போதே பேசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அம்மாவை இந்த வாரம் கட்டாயம் கூப்பிடு, செய்தி அனுப்பினால் போதாது, அவளுக்கு உன் குரல் கேட்கவேண்டும், தம்பியையும் இழந்து மகளும் இப்படி இருந்தால் அவள் தாங்கமாட்டாள். உன் மாமாவையும் கூப்பிடு. அவன் செய்ததைச் சரி என்று சொல்வதற்காக இல்லை. என்னிடம் கேட்ட மாதிரி அவனிடமும் நேராகக் கேள். நான் கேட்டால் அவனுக்குக் கோபம்தான் வரும், உன்னிடம் அவனால் பொய் சொல்லமுடியாது. இன்னொன்று, உன் வார்டில் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் இன்னும் உன்னோடுதான் வேலை செய்கிறாள் என்று அம்மா சொன்னாள். அவளை நான் திட்டியதை நான் வாபஸ் வாங்கவில்லை, அத்தனையும் எனக்கும் சேர்த்துத்தான். என்றைக்காவது அவள் உன்னிடம் வந்து ஏதாவது சொல்ல முயன்றால் கேட்டுக்கொள், மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

பாஸ்போர்ட் ஜனவரியோடு முடிகிறது, டப்ளினில் தூதரகத்துக்கு இப்போதே எழுதிப்போடு, கடைசி நிமிடம் வரை வைத்திருக்காதே. இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, காலுக்கு உறை போட்டுக்கொள். குலதெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடும், உன் பக்கத்தில் வாய் திறக்கிற மனிதர்களோடும் வாழவேண்டும் என்று அப்பா ஆசீர்வதிக்கிறேன். அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். கீழே ஏதாவது எழுதுகிறாயா என்று பேனாவைக் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ கூப்புடட்டும், நான் பேசிக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன, உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
மகேஸ்வரன்